ஆமை புகுந்த வீடு

திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலை நம் வாசகர்களுள் பலருக்குப் பழக்கமானது. நகரின் சந்தடி சற்றே அடங்கும் இடத்தில் விமான நிலையம், அதைக் கடந்தால் மாத்தூர், பின்னர் கீரனூர், அதன்பின் நார்த்தாமலைக் குன்றுகள், இறுதியில் தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட புதுக்கோட்டை நகரம். ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட வழி. திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் மருத்துவமனைக்கும் இவ்வழியே போய் வருகிறவர்கள் சாலையின் இரு மருங்கையும் கூர்ந்து நோக்குவது அரிது. அண்மையில் நாம் இவ்வழியே பயணம் செய்தபோது நம் சிந்தையில் இருந்தது ஒரு சிறு பிராணி. அதுதான் ஆமை. ஆமைக்கும் இச்சாலைக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வியக்கலாம். தொடர்பு உண்டு, இச்சாலையின் தொடக்கத்திலேயே உண்டு.

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. ஜப்தி செய்ய வரும் நீதிமன்றச் சேவகரோடு ஆமையையும் ஒன்றாக வைத்து அஞ்சினார்கள் அவர்கள். அவர்களுடைய பேரப் பிள்ளைகளோ, கண்ணாடித் தொட்டியில் ஆமை வளர்த்தால் செல்வம் கொழிக்கும் என்ற பேச்சை நம்பி, அதனை விலை கொடுத்து வாங்கி வருகின்றனர். முன்னது மூடநம்பிக்கை என்றால் பின்னதும் மூடநம்பிக்கையே. ஆயினும் இரண்டிற்கும் ஒரு வேற்றுமை உண்டு. பழைய நம்பிக்கையால் ஆமைக்குத் தீங்கு நேரவில்லை. அது தன் குளத்தில் தன்பாட்டில் இருந்தது.

இன்று கடைகளில் மிகுதியாக விற்கப்படுவது, கண்ணுக்குப் பின்னே சிவப்புக் கோடு தீட்டியது போன்ற பச்சை நிற ஆமைக்குஞ்சு. இதன் தாயகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. குஞ்சாக இருக்கையில் ஒரு நாணயத்தின் அளவே இருக்கும். உள்ளங்கையில் வைத்தால் யாரும் மயங்குவர். 2023-ஆம் ஆண்டில் மலேசியாவிலிருந்து வந்த பயணப் பெட்டிகளில் இத்தகைய குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் அடைக்கப்பட்டிருந்ததைத் திருச்சி விமான நிலையத்தில் சுங்க அதிகாரிகள் கண்டுபிடித்தனர். போக்குவரத்து ஒரு திசையில் மட்டும் நடப்பதன்று. நம் மண்ணுக்கே உரிய நட்சத்திர ஆமைகள் மலேசியா, தாய்லாந்து, சிங்கப்பூர் ஆகிய நாடுகளுக்குக் கள்ளத்தனமாகக் கொண்டு செல்லப்படுகையில் பலமுறை பிடிபட்டுள்ளன.

இச்சாலையை ஒட்டிய ஊர் ஒன்றில் நாம் அறிந்த குடும்பம் ஒன்று உண்டு. மகன் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது, பிறந்த நாள் பரிசாக அத்தகைய குஞ்சு ஒன்றை வாங்கித் தந்தார்கள். இப்போது அவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். குஞ்சு சாப்பாட்டுத் தட்டின் அளவிற்கு வளர்ந்துவிட்டது. கண்ணாடித் தொட்டி போதாமல் பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றினார்கள். நாள்தோறும் நீர் மாற்றாவிடில் நாற்றம் தாங்கவில்லை. மகனுக்கோ படிப்பும் பந்தாட்டமும் வந்து சேர்ந்தன. வேலை முழுவதும் தாயின் தலையில் விழுந்தது. "பாவம் சாமி, அதை ஏன் இப்படி அடைச்சு வைக்கணும்? கண்மாயில விட்டா நல்லாப் பொழைச்சுக்கும்ல?" என்று அந்த அம்மையார் நம்மிடம் கேட்டார். அவருடைய சொல்லில் இரக்கம் இருந்தது, களைப்பும் இருந்தது. இவ்விரண்டும் சேர்ந்துதான் உலகெங்கும் இப்பிராணியை நீர்நிலைகளுக்குக் கொண்டு சேர்த்திருக்கின்றன.

கண்மாயில் விட்டால் அது பிழைத்துக்கொள்ளும் என்பது உண்மையே. கேடும் அதில்தான் இருக்கிறது. புதுக்கோட்டைச் சீமையின் உயிர்நாடி கண்மாய்களும் குளங்களும் ஊருணிகளுமே. இவற்றில் நம் நாட்டு ஆமைகள் தொன்றுதொட்டு வாழ்கின்றன. கோடையில் நீர் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து மழைக்குக் காத்திருக்கும். நத்தையையும் செத்த மீனையும் உண்டு நீரைத் தூய்மையாக வைக்கும். அயல்நாட்டு ஆமை அங்கு வந்து சேர்ந்தால், இவற்றின் இரையையும் வெயில் காயும் கல்லையும் கரையையும் பறித்துக்கொள்ளும். மீன், தவளைக் குஞ்சு, பூச்சி, நீர்ச்செடி எதையும் விடாது. ஓர் அடி நீளம் வரை வளர்ந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது அது. உலகில் மிகுந்த கேடு விளைவிக்கும் நூறு அயல் உயிரினங்களின் பட்டியலில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனையும் சேர்த்துள்ளது. ஐரோப்பிய நாடுகள் 1997-ஆம் ஆண்டிலேயே இதன் இறக்குமதியைத் தடை செய்தன. இதன் தாயகமான அமெரிக்காவிலேயே, நான்கு அங்குலத்திற்குக் குறைந்த ஆமைகளைச் செல்லப் பிராணியாக விற்பது 1975 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. ஆமையைத் தொட்ட கையை வாயில் வைக்கும் குழந்தைகளுக்கு, சால்மொனெல்லா என்னும் கிருமியால் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் உண்டானதே அதற்குக் காரணம்.

அண்டை மாநிலமான கேரளம் இதனை முன்னரே உணர்ந்துகொண்டது. 2021-ஆம் ஆண்டில் திருச்சூர் அருகே ஒரு வாய்க்காலில் இவ்வாமை கண்டெடுக்கப்பட்டதும், பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையத்தார், "வேண்டாத ஆமைகளை நீரில் விடாதீர்கள், எங்களிடம் தாருங்கள்" என்று பொதுமக்களைக் கேட்டுக்கொண்டனர். கைவிடப்பட்ட பிராணியை வாங்கிக்கொள்ள ஓரிடம் இருந்தால், மக்கள் அதைக் குளத்தில் எறிய மாட்டார்கள் என்ற எளிய உண்மையை அவர்கள் கண்டுகொண்டனர்.

கீரனூரைக் கடந்து நார்த்தாமலையை நெருங்குகையில் நிலத்தின் தோற்றம் மாறுகிறது. மொட்டைப் பாறைக் குன்றுகள். அவற்றின் அடிவாரத்தில் காரையும் சூரையும் கள்ளியும் மண்டிய புதர்க்காடு. ஆங்காங்கே வரிசை வரிசையாகத் தைலமரத் தோப்புகள். புல்லும் முட்புதரும் கலந்த இத்தகைய வறண்ட நிலமே நட்சத்திர ஆமைக்கு ஏற்ற வாழ்விடம். அதன் ஓட்டின்மீது மஞ்சள் கோடுகள் விண்மீன் கதிர்களைப் போல் விரிந்திருக்கும். காய்ந்த புல்லின் நிழலில் அது படுத்திருந்தால், அருகில் நின்றாலும் கண்ணுக்குத் தட்டுப்படாது. பகைவர் கண்ணிலிருந்து மறைக்க இயற்கை தந்த அந்த அழகே, மனிதர் கண்ணில் அதற்கு வினையாயிற்று.

இவ்வாமையை வீட்டில் வைத்து வளர்ப்பது குற்றம் என்பதைப் பலர் அறியார். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தபோது, யானைக்கும் புலிக்கும் உரிய முதல் அட்டவணையில் நட்சத்திர ஆமையும் இடம்பெற்றது. அதனைப் பிடித்தல், வாங்குதல், வைத்திருத்தல் ஆகியவற்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறையும், இருபத்தையாயிரம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. 2019-இல் ஜெனீவாவில் கூடிய நாடுகளும் இதன் பன்னாட்டு வாணிகத்தை முற்றிலும் தடை செய்ய இசைந்தன.

வீட்டிற்குள் அடைபட்ட நட்சத்திர ஆமைக்குச் சூரிய ஒளி கிட்டுவதில்லை. புல்லுக்குப் பதிலாகச் சோறும் ரொட்டியும் கிட்டும். ஓடு மென்மையாகிக் கோணல் மாணலாக வளரும். அதை மீட்டாலும், உடனே காட்டில் விட இயலாது. அடைபட்ட இடத்தில் தொற்றிய நோய் காட்டு ஆமைகளுக்குப் பரவக்கூடும். தென்னாட்டு ஆமையும் வடமேற்கு நாட்டு ஆமையும் மரபால் வேறுபட்டவை என ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். எந்த ஊர் ஆமை என்று தெரியாமல் எங்கோ ஓரிடத்தில் விடுவதும் முறையன்று. 2018 நவம்பரில், சிங்கப்பூரில் மீட்கப்பட்டுப் பேணப்பட்ட 51 நட்சத்திர ஆமைகள் விமானத்தில் பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்டன. கடல் கடந்து தாயகம் திரும்பிய பின்னும் அவை நேரே காட்டிற்குச் செல்லவில்லை. தனித்து வைக்கப்பட்டு, உடல்நலம் சோதிக்கப்பட்டு, காட்டு வாழ்வுக்குப் பழக்கப்பட வேண்டியிருந்தது. உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, கேரளத்தின் சின்னாறு சரணாலயத்திலும் இத்தகைய மறுவாழ்வுப் பணி நடந்துள்ளது. ஒரு நிமிடத்தில் பிடித்ததைத் திருப்பி வைக்க எத்தனை மாதங்கள், எத்தனை பேரின் உழைப்பு!

ஆகவே, வாசகர்களின் இல்லத்திலோ அண்டை வீட்டிலோ நட்சத்திர ஆமையோ, நம் குளத்து ஆமையோ இருந்தால், காலம் தாழ்த்தாமல் புதுக்கோட்டை மாவட்ட வன அலுவலகத்திலோ அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்திலோ ஒப்படைப்பதே நேர்வழி. இரவோடு இரவாகப் புதரில் விட்டுவிடுவது வழியன்று. அயல்நாட்டுப் பிராணி வளர்ப்போர்க்கும் பொறுப்பு உண்டு. பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலில் உள்ள இனங்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-இல் மத்திய அரசு விதி வகுத்துள்ளது. வளர்க்க இயலாதபோது, வனத்துறையையோ கால்நடை மருத்துவரையோ கலந்து பேணக்கூடிய இடத்தைத் தேட வேண்டும். அது கிடைக்கும்வரை தம் வீட்டிலேயே பேண வேண்டும். எந்தக் காப்பகத்திற்கும் இடம் அளவானதே.

நாம் குறிப்பிட்ட குடும்பத்தார் நெடுநேரம் பேசியபின் ஒரு முடிவுக்கு வந்தனர். கொல்லைப்புறத்தில் தந்தையும் மகனும் சேர்ந்து சிமெண்டுத் தொட்டி ஒன்று கட்டினர். நடுவே வெயில் காய ஒரு கல், மேலே கம்பி வலை, அழுக்கு நீர் வாழை மரத்திற்குப் போக ஒரு குழாய். நீர் மாற்றுவது இனி மகனின் கடமை. அவன் படிப்பை முடித்து வேலைக்குச் சென்று மணம் புரியும் காலத்திலும் அவ்வாமை உயிரோடிருக்கலாம் என்று நாம் சொன்னபோது, அவன் விரல்விட்டுக் கணக்குப் பார்த்துச் சற்றுத் திகைத்துத்தான் போனான். அந்தக் கணக்கை வாங்குவதற்கு முன்னரே போட வேண்டும் என்பதுதான் நாம் பெற்றோர்க்குச் சொல்ல விரும்புவது.

ஆமை புகுந்ததால் கெட்ட வீட்டை நாம் இதுவரை கண்டதில்லை. வீடு புகுந்ததால் கெட்ட ஆமைகளைப் பற்றித்தான் இவ்வளவும் எழுத நேர்ந்தது. உங்கள் பிள்ளை ஆமை வேண்டுமென்று அடம் பிடித்தால், கடைக்கு அழைத்துச் செல்லாதீர்கள். மழை ஓய்ந்த ஒரு காலைப் பொழுதில் உங்கள் ஊர்க் கண்மாய்க் கரைக்கு அழைத்துச் சென்று சற்று நேரம் அமைதியாக நில்லுங்கள். நீருக்கு மேலே சிறு தலையொன்று எழுந்து, உங்களைப் பார்த்துவிட்டு மறுபடியும் மூழ்கக்கூடும். பிள்ளைக்கு அதைக் காட்டுங்கள். காட்டிவிட்டு வீடு திரும்புங்கள்.