தோப்பை விற்கும் முன் ஒரு பரிசோதனை



"12 பேருக்குப் புற்றுநோய், 12 பேருக்கும் மறைந்தது" என்ற வாட்ஸ்அப் செய்தி இன்னும் சுற்றுகிறது. என்னிடம் படித்த ஒருவர் அதைக் காட்டி, "சார், அப்பாவுக்கும் அதே மலக்குடல் கேன்சர்தான். முந்திரித் தோப்பை வித்தாவது அந்த ஊசியைப் போட்டுடலாமா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

செய்தி உண்மைதான். 2022 ஜூனில் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை வெளியிட்ட ஆய்வு அது. மருந்து டோஸ்டார்லிமாப். ஆனால் ஒரு விஷயம் விட்டுப்போய்விட்டது. அந்த 12 பேரும் ஒரு மரபணுக் குறியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவாதவர்கள்.

அது என்ன குறி? செல் பிரியும்போது டிஎன்ஏவைப் பிரதி எடுக்கிறது. அதில் விழும் பிழைகளைத் திருத்தச் சில புரதங்கள் உண்டு, நோட்டு திருத்தும் வாத்தியார் போல. சிலருடைய கட்டியில் அந்த வாத்தியார் இல்லை. பிழைகள் குவிந்து, அந்தச் செல்கள் அந்நியமாகத் தெரிகின்றன. நோய் எதிர்ப்புச் செல்கள் பாயத் தயாராக இருந்தாலும் கட்டி அவற்றின் பிரேக்கை அழுத்திப் பிடிக்கிறது. மருந்து அந்தப் பிரேக்கை விடுவிக்கிறது, அவ்வளவுதான். ஆளையே அடையாளம் தெரியாத இடத்தில் பிரேக்கை விடுவித்துப் பெரிய பயன் இருக்காது.

மலக்குடல் புற்றுநோயில் இந்தக் குறி 100 பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான் இருக்கும். இருந்தாலும் உத்தரவாதம் இல்லை. இதே வகையைச் சேர்ந்த பெம்ப்ரோலிசுமாபுக்கு 2017-ல் அமெரிக்கா அனுமதி தந்தபோது, குறி இருந்து நோய் முற்றிய 149 பேரில் சுமார் 40 சதவீதத்தினருக்கே கட்டி நன்றாகச் சுருங்கியிருந்தது.

ஆகவே, செம்மங்குப்பத்திலிருந்து ஜிப்மர் போனாலும் அடையாறு போனாலும் டாக்டரிடம், "எம்எம்ஆர் டெஸ்ட் பார்த்தாச்சா?" என்று கேளுங்கள். பயாப்ஸிக்கு எடுத்த சதையே பெரும்பாலும் போதும். மெழுகில் பதித்து லேபில் வைத்திருப்பார்கள். மருந்துச் செலவோடு பார்த்தால் டெஸ்ட் செலவு சிறியது. குறி இல்லையென்றால் கீமோ, ரேடியேஷன், ஆபரேஷன் இருக்கின்றன. ஊசிக்குப் பணம் புரட்டுவதில் அவற்றைத் தள்ளிப்போடாதீர்கள்.

உறவுகளுக்கு ஒரு வார்த்தை. இந்தக் குறி சிலருக்குப் பரம்பரையாக வருகிறது. லிஞ்ச் சிண்ட்ரோம் என்பார்கள். அப்படியானால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அந்த மரபணு வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. குடும்பத்தில் இளம் வயதில் குடல் புற்றுநோயோ கருப்பைப் புற்றுநோயோ வந்தவர்கள் இருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். முன்கூட்டியே குடலைப் பரிசோதித்துக்கொண்டால் பலரைக் காப்பாற்றலாம்.