ஆணியில் தொங்கும் துணிப்பை

எங்கள் பாடசாலையின் ஆசிரியர் அறையில், வரவுப் பதிவேடுகள் அடுக்கிய அலுமாரிக்கும் தண்ணீர்ப் பானைக்கும் இடையே, சுவரில் ஓர் ஆணி இருக்கின்றது. அதில் ஒரு துணிப்பை தொங்குகின்றது. புதிதாக மாற்றலாகி வருகின்ற ஆசிரியர்கள் அதை எவரோ மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பை என்றே எண்ணுவர். உள்ளே இருப்பவையும் பெரிய பொருள்கள் அல்ல. நீல நிற இன்ஹேலர் ஒன்று, அடியில் துளையிட்ட வெற்றுச் சோடாப் போத்தல்கள் சில, வினாடி முள் உள்ள பழைய கைக்கடிகாரம், டோச், எழுதிய அட்டை, ஓட்டோக் கூலிக்கென மடித்து வைத்த சில ரூபாத் தாள்கள். இவ்வளவையும் ஓரிடத்திற் சேர்த்து வைக்க எனக்கு ஏறத்தாழ 20 ஆண்டுகள் பிடித்தன என்று சொன்னால் நண்பர்கள் நகைப்பார்கள். ஆயினும் உண்மை அதுதான்.

என் தாயாருக்கு முட்டு வருத்தம். ஆஸ்துமா என்ற பெயரை நான் பின்னரே அறிந்தேன். யாழ்ப்பாணத்தவர் இதனைத் தொய்வு என்பர். வைத்திய ஏடுகள் ஈளை என்றும் இரைப்பு என்றும் பேசும். பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தவன் ஆகையால், இந்த நோய்க்கு ஐந்தாறு பெயர்களை நின்ற நிலையிலேயே என்னால் ஒப்புவிக்க முடியும். மூச்சு முட்டித் தவிக்கும் ஒருவருக்கு முதல் ஐந்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரியாதிருந்தது.

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, கல்குடாவுக்குள் கடல் வந்தது. எனக்கு அப்போது 13 வயது. தாயாரின் குளிசைகள் குசினித் தட்டில், பழைய றஸ்க் பேணி ஒன்றினுள் இருந்தன. அந்தப் பேணியை எடுக்க எவருக்கும் நேரமிருக்கவில்லை. அன்றிரவு உள்ளூர்ப்புறத்துப் பள்ளிக்கூடமொன்றின் சீமெந்துத் தரையில் நூற்றுக்கணக்கானோர் நெருக்கியடித்துக் கிடக்க, அம்மா மட்டும் படுக்க இயலாமல், சுருட்டி வைத்த சாக்கின்மேல் இரு முழங்கைகளையும் ஊன்றி, முன்னே குனிந்தபடி இருந்தார். ஒவ்வொரு மூச்சும் ஒரு சுமையைத் தூக்குவது போல மேலெழுந்தது. நான் விசிறினேன், வேறென்ன செய்வது? நள்ளிரவுக்குப் பின், முன்பின் அறியாத மூதாட்டி ஒருவர் தம் இடுப்பு முடிச்சை அவிழ்த்துத் தம்முடைய இன்ஹேலரை எடுத்து நீட்டினார். “எனக்கு இன்னும் கொஞ்சம் கிடக்கு, நீங்க இழுங்க மகள்” என்றார். எல்லாவற்றையும் இழந்து வந்த அந்த அம்மையார் அந்தச் சிறு பொருளை மட்டும் எப்படிக் கொண்டு வந்தார் என்று நான் நெடுநாள் வியந்ததுண்டு. பின்னர் புரிந்தது: அவர் அதைத் தேடி எடுத்து வரவில்லை. அது எப்போதும் அவருடைய இடுப்பிலேயே இருந்தது.

இந்த இரவைக் கண்டிருந்தும் நான் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்பதுதான் வெட்கம்.

சில ஆண்டுகளுக்கு முன், பெரும்போக வெள்ளாமை வெட்டும் காலம். வயற்பக்கத்துக் காற்றில் வைக்கோற்றூசி மிதந்தது. வெட்டு முடிந்த வயல்களில் தீயும் வைத்திருந்தார்கள். எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து நின்று பாடம் வாசித்துக்கொண்டிருந்தாள். நீண்ட வாக்கியமொன்றை அவளால் முடிக்க முடியவில்லை. நான் அது சோம்பல் என்று எண்ணி, “மறுபடி வாசி” என்றேன். அவள் மூன்று சொற்கள் சொல்லி நின்றாள்; பிறகு இரண்டு. ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சிற் சொல்லி முடிக்க இயலாமை இந்த நோய் கடுமையாகிவிட்டதன் தெளிவான அறிகுறி. வாக்கியங்களைப் பிரித்துப் பகுத்துக் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அது தெரியவில்லை.

அதன்பின் நாங்கள் செய்தவை அனைத்தும் பிழை. பிள்ளையை வாங்கில் கிடத்தினோம். நாற்பது மாணவரும் சுற்றி நின்று காற்றை மறித்தார்கள். ஒருவர் நெஞ்சில் தைலம் தேய்த்தார். இன்னொருவர் சோடா கொடுத்தார். ஓட்டோ வந்து, வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்த்து, ஒட்சிசனும் மருந்தாவியும் கொடுத்த பின்னரே அவள் முகம் தெளிந்தது. அங்கிருந்த இளம் வைத்தியர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “சேர், இனிமேல் கிடத்தாதீங்க, நிமிர்த்தி இருத்துங்க. பம்ப் எங்க?” என்று மட்டும் கேட்டார்.

பம்ப் வீட்டில் இருந்தது. ஒரே இன்ஹேலர், அவளுக்கும் தம்பிக்கும் பொது. பாடசாலைக்குக் கொடுத்துவிட்டால் தொலைந்துவிடும் என்பது தாயின் அச்சம். அதனிலும் பெரிய அச்சம் ஒன்று இருந்தது. பெண்பிள்ளை பம்ப் இழுப்பதை நாலு பேர் கண்டால் நாளை கலியாணம் பேசும்போது அது கதையாகும். நண்பர்களே, நுரையீரற் குழாய்கள் சுருங்குவது மட்டுமா நோய்? பதின்மூன்று வயதுச் சிறுமி தன் மருந்தை ஒளித்து வைக்க வேண்டிய நிலைக்கு எந்த வைத்தியரிடம் மருந்து கேட்பது?

அடுத்த சில வாரங்கள் நான் இலக்கண நூல்களை ஒதுக்கிவிட்டு இந்த நோயைப் பற்றி வாசித்தேன். இன்று நாம் காணும் அழுத்து இன்ஹேலர் 1956 இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. மருந்து நிறுவனமொன்றின் தலைவரான ஜோர்ஜ் மேசன் என்பவரின் மகள் ஆஸ்துமாக்காரி. தலைமயிருக்கு அடிக்கும் வாசனைத் திரவம் போலத் தன் மருந்தையும் ஏன் டப்பியில் அடைக்கக்கூடாது என்று அவள் கேட்டதிலிருந்து அந்த முயற்சி தொடங்கியதாம். நீல இன்ஹேலரில் உள்ள சல்பியூட்டமோல் 1969 இல் பிரித்தானியாவில் அறிமுகமாயிற்று. ஆனால் கருவி மட்டும் போதாது. அழுத்துவதும் மூச்சை உள்ளிழுப்பதும் ஒரே கணத்தில் நிகழ வேண்டும். திணறும் பிள்ளைக்கு அது கைகூடாது. மருந்து தொண்டையிலேயே படிந்துவிடும். இதற்காக இடையில் ஒரு கூடு பொருத்துவார்கள். மருந்து அந்தக் கூட்டில் தங்கிநிற்க, பிள்ளை தன் போக்கில் மூச்சிழுக்கலாம். கடையில் விற்கும் கூட்டின் விலை எங்கள் மாணவரின் வீடுகளுக்கு எட்டாதது.

தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகரத்து வைத்தியர் ஹெதர் சார் என்பவரும் அவருடைய தோழர்களும் எங்கள் ஊரைப் போன்ற ஏழை வீடுகளையே கண்முன் வைத்திருந்தார்கள் போலும். மூச்சுத் திணறலோடு வந்த குழந்தைகளிடம் அவர்கள் விலைக்கு வாங்கும் கூட்டையும் 500 மில்லிலீற்றர் வெற்றுப் பிளாஸ்ரிக் போத்தலையும் ஒப்பிட்டுப் பார்த்து, இன்ஹேலர் பொருந்தும் இடத்தை இடைவெளியின்றி ஒட்டி அடைத்த போத்தல், விலைக்கூட்டுக்கு நிகராகப் பயன் தருகின்றது என்று 1999 இல் ‘லான்செட்’ சஞ்சிகையில் எழுதினார்கள். கோப்பையைக் குடைந்து செய்த கூடு அவ்வளவு பயன்படவில்லை என்பதையும் மறைக்கவில்லை.

எங்கள் விஞ்ஞான ஆசிரியர் இதைப் படித்ததும் அன்றைக்கே சிற்றுண்டிச்சாலையில் போத்தல் பொறுக்கத் தொடங்கிவிட்டார். கம்பியொன்றை இன்ஹேலர் வாயின் வடிவத்துக்கு வளைத்து, சூடாக்கி, போத்தலின் அடியில் அழுத்தினால் அளவான துளை விழும். அதில் இன்ஹேலரைச் செருகி விளிம்பைப் பசையால் அடைக்க வேண்டும். போத்தலின் கழுத்தே பிள்ளையின் வாய்க்குரியது. சவர்க்கார நீரில் கழுவித் துடைக்காமல் தானாக உலர விடுவது அவசியம். துணியால் துடைத்தால் பிளாஸ்ரிக்கில் மின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். முதல் நான்கு போத்தல்கள் உருகிப் பாழாயின. ஐந்தாவதை வைத்தியரிடம் காட்டினோம். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்து, விளிம்பை இன்னும் இறுக்கி அடைக்கச் சொன்னார்.

இன்ஹேலரை அவர் எழுதித் தந்த துண்டைக் கொண்டு ராஜ்ய ஒசுசலவில் வாங்கினோம். அதிபர் எழுத்தில் அனுமதி தந்தார். அந்த அரச மருந்துக் கடையின் கதையையும் இவ்விடத்தில் நினைவூட்டத் தோன்றுகின்றது. 1971 இல் பேராசிரியர் செனக்க பிபிலேயும் இடதுசாரித் தலைவரான வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அளித்த அறிக்கை, வணிகப் பெயருக்கன்றி மருந்துக்கே விலை கொடுப்போம் என்ற கொள்கையை முன்வைத்தது. அவ்வாண்டே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. பிபிலே 1977 இல் தொலைவிலுள்ள கயானாவில் மறைந்தார். அதே ஆண்டிலேயே உலக சுகாதார நிறுவனத்தின் முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலும் வெளிவந்தது. 2022 இல் நாட்டின் கருவூலம் வற்றி, வைத்தியசாலைகளில் மருந்து அருகி, என் தாயாருக்கும் வெளியே வாங்கும்படி துண்டு கொடுத்தனுப்பிய நாட்களில், இலவச வைத்தியம் என்பது ஒருமுறை வென்றெடுத்துப் பெட்டியில் பூட்டி வைக்கும் பொருளன்று என்பதை உணர்ந்தேன். பெற்றோல் வரிசையில் நின்ற அந்த ஆண்டில் ஓட்டோ கிடைப்பதே அரிதாயிருந்தது. பையில் பணம் வைக்கும் வழக்கம் அந்த நினைவினால் வந்தது.

பையை முதலில் அலுமாரிக்குள்தான் பூட்டி வைத்தோம். இரண்டு குறைகள் தெரிந்தன. திறப்பு எவரிடம் என்று தேடவே ஐந்து நிமிடம் போயிற்று. மேலும் தகரக் கூரையின்கீழ் அந்த இரும்பு அலுமாரி சித்திரை வைகாசியில் அடுப்பாகிவிடும். இந்த மருந்தோ 30 பாகை செல்சியசுக்கு மேற்படாத இடத்தில் இருக்க வேண்டியது. ஆகவே பானைக்கருகே ஆணி அறைந்தோம். இன்ஹேலரில் 200 முறைக்கு மருந்து உண்டு. எத்தனை முறை அழுத்தினோம் என்பதை அட்டையில் கோடிட்டு வருகின்றோம். ஆட்டிப் பார்த்தாலோ நீரில் மிதக்கவிட்டாலோ மீதி தெரியாது. அட்டையின் மறுபுறத்தில் நோயுள்ள மாணவரின் பெயர், மருந்து, தாய் தந்தையரின் தொலைபேசி எண், எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் எண்.

கைக்கடிகாரம் எதற்கென்று பலர் கேட்டதுண்டு. அவுஸ்திரேலியாவிற் கற்பிக்கும் முறை ஒன்றை நாங்கள் பின்பற்றுகின்றோம். பிள்ளையை நிமிர்த்தி இருத்தி, இன்ஹேலரைக் குலுக்கி, ஒருமுறை அழுத்தி நான்கு மூச்சு. இவ்வாறு நான்கு முறை. பின் நான்கு நிமிடம் பொறுத்தல். குறையாவிட்டால் 1990 ஐ அழைத்து, உதவி வரும்வரை அதையே தொடர்தல். உதடு நீலம் பாரித்தாலோ பேச்சு நின்றாலோ பொறுத்திருக்கும் பேச்சே இல்லை, உடனே அழைப்புத்தான். திணறும் பிள்ளையின் முன்னால் நான்கு நிமிடம் என்பது நாற்பது நிமிடமாகத் தோன்றும். கடிகாரம் இல்லாவிடில் கை பதறும். டோச் மாரி காலத்து மின்வெட்டுக்கு. தைலம், சாம்பிராணி, இருமற் பாணி ஆகியவற்றுக்குப் பையில் இடமில்லை. அன்போடு கொண்டுவந்து கொடுத்தவர்கள் சிலர் மனம் வருந்தினார்கள், என்ன செய்வது?

ஒன்றை மறைக்கலாகாது. இந்தப் பை நோயைத் தீர்ப்பதன்று. நீல இன்ஹேலரை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து என்று 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டிகள் அழுத்திச் சொல்கின்றன. குழாய்களின் அழற்சியைத் தணிக்கும் தடுப்பு மருந்தை, சுகமாக இருக்கும் நாளிலும் வைத்தியர் சொன்னபடி எடுக்க வேண்டும். “பழகினா விட ஏலாது” என்று எங்கள் ஊர் அஞ்சுவது அந்த மருந்தைத்தான். என் தாயாரே அதை ஒப்புக்கொள்ள இரண்டு ஆண்டுகள் வாதாடினார். “உனக்குத் தமிழ் தெரியும் மனே, மருந்து தெரியுமா?” என்பது அவருடைய கேள்வி. இப்போது காலையும் மாலையும் தவறாமல் எடுக்கின்றார். வாதத்தை மட்டும் இன்னும் விடவில்லை.

சென்ற தவணையில் பெற்றோர் கூட்டம் முடிந்தபின், அந்த மாணவியின் தாய் ஆசிரியர் அறை வாசலில் தயங்கி நின்றார். போத்தலைக் கையில் எடுத்து, துளையையும் பசை விளிம்பையும் விரலால் தடவிப் பார்த்தார்.

“இது என்ன விலை வரும் சேர்?”

“நீங்கள் சோடா குடித்துவிட்டு எறிகின்ற போத்தல்தான் அம்மா.”

அவர் சிரித்துவிட்டார். பின்பு, தாழ்ந்த குரலில், இரண்டு போத்தல் தரமுடியுமா என்று கேட்டார். ஒன்று வீட்டுக்கு, மற்றது கடற்கரையில் கணவரின் மீன் வாடிக்கு. பிள்ளைகள் விடுமுறையில் அங்கேதான் நிற்பார்களாம். விஞ்ஞான ஆசிரியர் கம்பியைச் சூடாக்க எழுந்தார். மகள் பக்கத்தில் நின்று, எவரும் சொல்லாமலே, ஒரு கடதாசித் துண்டில் தன் பெயரை எழுதிப் போத்தலில் ஒட்டினாள்.