கோடிப் புடவை

தம்பியின் கல்யாணம் ராஜபாளையத்தில் நடந்தது. பெண்ணுக்கு அரக்கு நிறப் பட்டு, ஒரு ஜாண் சரிகைக் கரை. கடையில் நின்று அதைத் தேர்ந்தெடுத்தது அக்கா. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி ஓட்டும் விசைத்தறியில் பல வருஷமாக வேலை பார்ப்பவள்; நூலைத் தொட்டே தரம் சொல்வாள்.

எங்கள் வீட்டில் முகூர்த்தப் புடவையை நாத்தனார்தான் பெண்ணுக்குக் கட்டிவிட வேண்டும். தாலியில் முடிச்சுப் போடுவதும் அவள்தான். மூத்தவள் அக்கா. ஆனால் பெரியம்மா என்னைக் கூப்பிட்டார்கள். அக்காவுக்குப் புருஷன் இல்லை. நான் மறுக்கவில்லை. பச்சைப் பட்டும் தலை நிறைய மல்லிகையுமாக மேடையேறினேன். அக்கா சாம்பல் நிற நூல்சேலையில் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தாள். அப்படி உடுத்து என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்த பங்குனி உத்திரத்துக்கு ஆண்டாள் திருக்கல்யாணம் பார்க்க இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் சூடி அழகு பார்த்தவளின் கல்யாணம். அவள் முகம் பார்த்ததாகச் சொல்லும் கண்ணாடிக் கிணறு கோயிலிலேயே இருக்கிறது. 'நாச்சியார் திருமொழி'யில் தன் கல்யாணக் கனவை விவரிக்கும்போது, கோடி உடுத்தியதையும் மாலை சூட்டியது யார் என்பதையும் அவள் விடாமல் சொல்கிறாள். அந்தரி. அதாவது துர்க்கை, கண்ணனுக்குத் தங்கை முறை, ஆண்டாளுக்கு நாத்தனார்.

மன்னிப்புக் கேட்க வேறு வழி தெரியாமல் இதை அக்காவிடம் சொன்னேன். கூட்டத்துக்கு மேல் எட்டி, ஆண்டாளின் பட்டைப் பார்த்தபடியே கேட்டாள்:

"அந்த அந்தரிக்குப் புருஷன் இருந்தானாடி?"