மயிற்பொறியின் அரக்கும் மெழுகும்

மந்திரத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் மந்திரம் இல்லாத கதை எழுதவும் எனக்கு வராது. இதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டே பல வருடங்கள் போய்விட்டன. காரைக்கால் கடலோரத்தை வைத்து ஒரு சாகச நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். தானே யோசித்து ஓடும் ஒரு விசைப்படகும், மந்திரம் கற்ற ஒரு பெண்ணும் அதில் உண்டு.

இந்தக் கலப்பை நான் கற்பனையில் தேட வேண்டியிருக்கவில்லை. எங்கள் மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கும் படகில் ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர், வயர்லெஸ் எல்லாம் இருக்கும். அணியத்தில் எலுமிச்சம்பழமும் தொங்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாது என்று கடலுக்குப் போகிற எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வந்த இரவு, மின்சாரம் போகும்வரை நான் ரேடார் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ரேடார்களில் ஒன்று எங்கள் ஊரிலேயே இருக்கிறது. பக்கத்தில் அம்மா விளக்கேற்றிவிட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவர் நிறுத்திவிடக் கூடாதே என்று உள்ளூர எனக்குப் பதைப்பாக இருந்தது. நம்பிக்கை இல்லாதவனின் அந்தப் பதைப்பிலிருந்துதான் நாவல் தொடங்கியது.

நாவலில் வரும் பெண்ணின் மந்திரம் எதுவரை செல்லும், அவளுடைய படகு எதற்கு அடங்கும் என்று முடிவு செய்ய வேண்டிய இடம் வந்தபோது, சீவக சிந்தாமணியை எடுத்து வைத்துக்கொண்டேன். திருத்தக்கதேவரின் அந்தக் காவியத்தை உ.வே. சாமிநாதையர் 1887-இல் பதிப்பித்தார். அப்போது அவர் கும்பகோணம் கல்லூரி ஆசிரியர். கும்பகோணத்தைத் தொட்டு வரும் அரசலாறுதான் எங்கள் ஊரில் கடல் சேர்கிறது. அந்த நூல் எனக்கு அந்நியமாகத் தோன்றாததற்கு இதுவும் ஒரு காரணம்.

அதில் வரும் மயில் வடிவ விமானமான மயிற்பொறியின் கதை எல்லோருக்கும் தெரியும். அமைச்சன் கட்டியங்காரன் சூழ்ச்சியால் ஆட்சி கைநழுவும் நேரத்தில், கருவுற்ற அரசி விசயையை அந்த விமானத்தில் ஏற்றி அனுப்புகிறான் அரசன் சச்சந்தன். என்னை நிறுத்தி வைத்தது அதற்கு முந்தைய பகுதி. துணிகள், நூல், பிசின், அரக்கு, மெழுகு என்று தச்சன் சேர்த்த பொருள்களைத் தேவர் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். ஏழு நாளில் வேலை முடிகிறது. உண்மையான மயில் ஒன்றையும் தான் செய்த மயிலையும் சேர்த்தே அரசன் முன் கொண்டுபோகிறான் அந்தத் தச்சன். என்ன பெருமிதம் பாருங்கள்! பொறியை வலப்பக்கம் திருகினால் ஏறும், இடப்பக்கம் திருகினால் இறங்கும். விசயை அதை ஓட்டப் பழகிக்கொள்கிறாள். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஒரு புலவர் தன் கற்பனை விமானத்துக்கு மூலப்பொருளும் இயக்கமும் பயிற்சியும் எழுதியிருக்கிறார். அதனால்தான் பகைவனின் வெற்றி முரசைக் கேட்டு அவள் மயங்கிவிழ, பொறி சுடுகாட்டில் இறங்கும்போது நமக்கு நெஞ்சு அடைக்கிறது. பொறி பழுதாகவில்லை, மனுஷி தாங்கவில்லை.

அதே காவியத்தில் மந்திரம் வருகிற வழி வேறு. அடிபட்டுச் சாகக் கிடக்கும் நாயின் காதில் விசயையின் மகன் சீவகன் மந்திரம் ஓதுகிறான். அது சுதஞ்சணன் என்னும் தேவனாகி, நன்றி மறக்காமல் வந்து மூன்று மந்திரங்கள் தருகிறது: இனிய குரலுக்கு ஒன்று, விஷம் நீக்க ஒன்று, வேண்டிய உருக்கொள்ள ஒன்று. பாம்பு தீண்டிய பதுமை என்னும் பெண்ணைச் சீவகன் பிழைக்கவைப்பது விஷம் நீக்கும் மந்திரத்தைக் கொண்டுதான். இயந்திரம் உழைப்பால் வந்தது, மந்திரம் ஒரு உயிரிடம் காட்டிய இரக்கத்தால் வந்தது. இரண்டில் எதுவும் சும்மா வரவில்லை.

எங்கள் காரைக்கால் அம்மையார் கதை இதைவிடக் கடுமையானது. ஆனி மாங்கனித் திருவிழாவில் பழங்களை வாரியிறைக்கும் கூட்டத்தில் நின்று வளர்ந்தவன் நான். இறையருளால் அம்மையாரான புனிதவதியின் கைக்கு வந்த மாங்கனி அவள் கணவன் பரமதத்தன் கையில் பட்டதும் மறைந்துவிடுகிறது. அவன் மகிழவில்லை, பயந்தான். மரக்கலம் ஏறிப் போய்ப் பாண்டிநாட்டில் இன்னொரு குடும்பம் அமைத்துக்கொண்டான். அற்புதம் நிகழ்ந்த வீட்டில் ஒரு பெண் தனியாக நின்றாள். இந்தக் கதையைப் பாடிய சேக்கிழார் இதை மறைக்கவில்லை. மாய நாவல் எழுதும் யாரும் முதலில் படிக்க வேண்டியது இந்த இடத்தைத்தான் என்பேன்.

படகு மிஷின் பழுதுபார்க்கும் மாமா ஒருவரிடம் என் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “சரி தம்பி, டீசல்ல தண்ணி கலந்துட்டா உன் படகு யோசிச்சுக்கிட்டே நிக்குமா? ஃபில்டரை யார் கழட்டுறது?” என்றார். அந்த ஆள் இப்போது நாவலுக்குள் வந்துவிட்டார். அறுபது வயது, அவருக்கென்று இரண்டு அத்தியாயம். அந்தப் பெண்ணின் மந்திரத்தைத்தான் இன்னும் முடிக்கவில்லை. அது அவளுக்கு யார் பட்ட நன்றிக்கடனாக வந்தது, அதைப் பயன்படுத்தினால் அவளைவிட்டு யார் பயந்து போவார்கள் என்று இரண்டு பெயர்களை எழுத வேண்டும். முதல் பெயர் கிடைத்துவிட்டது.