எங்கள் வீட்டு ஐந்தாவது சக்கரம்

மூன்று மாதமாக எங்கள் வீட்டில் நடந்த சண்டைக்குக் காரணம் ஒரு சக்கரம். வீட்டுக்காரர் ஆசைப்பட்டு வாங்கிய தார் ஜீப்பின் பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னி.

அதைக் கழற்றிவிட வேண்டும் என்பது அவர் கட்சி. "முப்பது கிலோ சும்மா தொங்குது. பின்னாடி ஒண்ணும் தெரியலை. கதவைத் திறந்தாலே ஆளை இழுக்குது" என்பார். ஞாயிற்றுக்கிழமை ஆத்து மணலில் வண்டி ஓட்டப் போகும் அவருடைய நண்பர்களில் பாதிப் பேர் கழற்றிவிட்டார்களாம். பஞ்சர் கிட் ஒன்றும், காற்றடிக்கும் சின்ன பம்ப் ஒன்றும் வாங்கிவந்து ஹாலில் கடை பரப்பினார். "கவர்மென்ட்டே 2020-ல சொல்லிடுச்சு, ஸ்டெப்னி கட்டாயம் இல்லைன்னு."

அவர் சொன்னது பொய்யில்லை. டியூப்லெஸ் டயர், பஞ்சர் கிட், காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவி ஆகிய மூன்றும் இருந்தால் கார்களுக்கு ஸ்டெப்னி இல்லாமலும் போகலாம் என்று அந்த வருடம் விதியை மாற்றினார்கள். மதுரைக்குள் ஓட்டுகிறவர்களுக்கு அது போதும் என்றே நானும் நினைக்கிறேன். தெருவுக்கு ஒரு பஞ்சர் கடை இருக்கிறதே!

ஆனால், நான் நாமக்கல் பக்கம் பிறந்தவள். அப்பா லாரி டிரைவர். ஸ்டெப்னி இல்லாமல் அவர் வண்டியை எடுத்ததே இல்லை. "ஆணியை ஒட்டலாம், கிழிசலை ஒட்ட முடியாது" என்பார். டயர் தரையில் படும் பகுதியில் ஆணி ஏறினால் ஒரு பசைத்திரியைச் செருகி அடைத்துவிடலாம். பக்கவாட்டுச் சுவர் கிழிந்தால் அந்தத் திரி நிற்காது. ஓடும்போது அந்த இடம் மடங்கி மடங்கி நிமிரும். கல்பாதையில் ஆணியை விடக் கல்லின் விளிம்புதான் எமன். கடைசியில் ஸ்டெப்னி கதவிலேயே தங்கியது. பம்பும் வண்டியில் ஏறியது.

போன டிசம்பரில் அத்தையைக் கூட்டிக்கொண்டு மேகமலைக்குப் போனோம். அத்தை மணலாறு எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவர். கல்யாணமாகிக் கீழே இறங்கியவர், பெற்றவர்கள் போனபிறகு மேலே போகவே இல்லை. "ஒரு தடவை பார்த்துட்டா போதும்" என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சின்னமனூரிலிருந்து பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு ஒரு பூவின் பெயர் வைத்திருப்பதை அத்தை வாசித்துக்கொண்டே வந்தார். ஹைவேவிஸ் தாண்டியதும் ரோடு ரோடாக இல்லை. தேயிலைக்கு நடுவே கல்லும் பள்ளமும்தான்.

அத்தை பிறந்த லைன் வீட்டுக்கு அடையாளமாக ஒரு சுவர்தான் மிஞ்சியிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் வந்து வண்டியில் உட்கார்ந்தார். திரும்பும்போது மணி இரண்டரை. ஓரத்துக் கல்லில் இடது பின்சக்கரம் உரசியது. 'புஸ்' என்ற சத்தம் எனக்கே கேட்டது. இறங்கிப் பார்த்தால் பக்கச் சுவரில் இரண்டு விரல் நீளத்துக்குக் கிழிசல். அவர் பஞ்சர் கிட்டை எடுத்தார், கிழிசலைப் பார்த்தார், கிட்டை மூடி வைத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. முகத்தில் தெரிந்திருக்கும்.

செல்போனில் ஒரு கோடு கூட இல்லை. அது புலிகள் காப்பகம். ஆறு மணிக்குள் கீழே செக்போஸ்ட்டைத் தாண்டியாக வேண்டும். அத்தையின் ராத்திரி மாத்திரை மதுரை வீட்டு அலமாரியில். சாயங்காலமானால் யானை இறங்கும் வழி இது என்று அத்தை வேறு எடுத்துக்கொடுத்தார்.

முன்சக்கரங்களுக்கு அண்டை கொடுத்துவிட்டு, ஜாக்கி போடுவதற்கு முன்பே நட்டுகளைத் தளர்த்தப் பார்த்தார். சக்கரம் தரையை அழுத்திக்கொண்டிருக்கும்போதுதான் நட்டு கழலும். தூக்கிய பிறகு சக்கரமும் சேர்ந்து சுற்றும். ஐந்து நட்டில் ஒன்று கூட அசையவில்லை. போன மாதம் டயர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் முறுக்கியிருந்தார்கள். ஸ்பேனர் மேல் ஏறி நின்றார். நானும் நின்றேன். முக்கால் மணி நேரம் போனது.

அந்த வழியாக எஸ்டேட் டிராக்டர் ஒன்று வந்தது நாங்கள் செய்த புண்ணியம். ஓட்டிவந்த தம்பி இறங்கி, ஒரு இரும்புக் குழாயை ஸ்பேனரின் வாலில் செருகி, ஒற்றைக் கையால் அழுத்தினார். 'கடக்.' "பைப் ஒண்ணு வச்சுக்கங்கண்ணே" என்றார், அவ்வளவுதான்.

ஸ்டெப்னியை மாட்டினோம். ஜாக்கியை இறக்கினோம். வண்டி இறங்கியது, டயரும் கூடவே இறங்கியது. ரிம் தரையைத் தொடப் பார்த்தது. வாங்கிய நாளிலிருந்து அந்த ஐந்தாவது சக்கரத்துக்கு நாங்கள் யாரும் காற்றே பிடிக்கவில்லை.

வாய் கிழியப் பேசி அதைக் காப்பாற்றியவள் நான். அப்பா டீக்கடையில் நிறுத்தும்போதெல்லாம் ஒரு கம்பியால் ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டே வண்டியைச் சுற்றி வருவார். சத்தத்திலேயே காற்று தெரிந்துவிடும். ஸ்டெப்னியையும் விடமாட்டார். அதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். எங்கள் வண்டியை ஒருநாளும் தட்டிப் பார்த்ததில்லை.

அவர் ஒரு வார்த்தை பேசாமல் பம்பை எடுத்தார். இன்ஜினை ஓடவிட்டு, சிகரெட் லைட்டர் துளையில் ஒயரைச் செருகினார். நான் கேலி செய்த அந்தப் பொம்மை பத்து நிமிடம் கத்திக்கொண்டே என் ஸ்டெப்னியை நிறைத்தது. ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது செக்போஸ்ட்டைத் தாண்டினோம்.

ஸ்டெப்னி என்ற பெயரே ஒரு தெருவின் பெயர் என்று பிறகு படித்தேன். வேல்ஸ் நாட்டில் லனெத்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில், 1904-ல் டேவிஸ் சகோதரர்கள் உதிரிச் சக்கரம் செய்து விற்றார்களாம். அந்தப் பெயரை நம் ஊர் லாரி ஷெட்கள் இன்னும் விடவில்லை.

இப்போது இவருடைய நண்பர்கள் கேட்டால் இவரே சொல்கிறார்: மலைப்பாதைக்கு ஸ்டெப்னி வேண்டும், ஆனால் மற்ற நான்கின் அதே அளவில் வேண்டும் என்று. நான்கு டயரை மட்டும் பெரிதாக மாற்றிவிட்டு, பழைய ஒல்லி டயரைப் பின்னால் தொங்கவிடுகிறவர்கள் உண்டு. நான்கு சக்கரமும் இழுக்கும்படி போட்டு அதோடு ஓட்டினால், ஒவ்வொன்றும் ஒரு வேகத்தில் சுற்றி உள்ளே கியர் பெட்டிக்குச் செலவு வைக்கும். டயருக்கு வயதும் உண்டு. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்; 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. தரையில் ஓடாவிட்டாலும் வெயிலில் தொங்கியே ரப்பர் வெடிக்கும்.

எங்கள் ஜீப்பில் இப்போது இரண்டரை அடி பைப் ஒன்று கிடக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு நான் காற்று அளக்கிறேன். அத்தை திண்ணையிலிருந்து எண்ணுவார். நான்கோடு நிறுத்தினால், "அஞ்சாவது?" என்று ஒரு குரல் வரும்.