ஒரு 107 கேஸும் மாண்டெஸ்கியூவும்

என் கட்சிக்காரர் திருத்தணி மலையடிவாரத்தில் பூக்கடை வைத்திருந்தவர். கடை இடம் யாருக்கு என்று அண்ணனோடு தகராறு. ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் திரளும் நேரம் என்பதால் போலீஸ் இருவர் மேலும் அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107-ஆவது பிரிவில் '107 கேஸ்' போட்டது. ஓராண்டு அமைதி காப்பதாக நிர்வாக நடுவர் முன் என் கட்சிக்காரர் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்தார். சில மாதங்களில் மறுபடி கைகலப்பு, புது எஃப்.ஐ.ஆர். பத்திரத்தின் மீதிக் காலத்தை ஜெயிலில் கழிக்க அதே சட்டத்தின் 122(1)(பி) பிரிவில் உத்தரவாயிற்று. ஆள் புழலுக்குப் போனார்.

உத்தரவு ஒன்றரைப் பக்கம். பாதிக்கு மேல் இன்ஸ்பெக்டர் அறிக்கையின் வாசகமே. சாட்சி இல்லை, குறுக்கு விசாரணை இல்லை, வக்கீல் வைக்க அவகாசமும் இல்லை. நிர்வாக நடுவர் என்பவர் பட்டா, சான்றிதழ், வெள்ள நிவாரணம் பார்க்கும் வருவாய்த்துறை அதிகாரி. ஊரில் கலவரம் வந்தால் கலெக்டருக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். அவரைக் கெட்டவர் என்று நான் வாதிடவில்லை; அது தேவையும் இல்லை.

என் வாதத்துக்கு நான் நம்பியது பிரெஞ்சுச் சிந்தனையாளர் மாண்டெஸ்கியூவை. அவரை நாங்களெல்லாம் சட்டக் கல்லூரியில் பரீட்சைக்குப் படித்ததோடு சரி. 1748-இல் 'சட்டங்களின் ஆன்மா' நூலை ஆசிரியர் பெயர் போடாமல் ஜெனீவாவில் வெளியிட்டவர். சட்டம் இயற்றுவது, நிறைவேற்றுவது, தீர்ப்புச் சொல்வது மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் குடிமக்களுக்குச் சுதந்திரம் இல்லை என்றார். அவரே போர்டோவில் நீதிபதியாக இருந்தவர். அந்தப் பதவி பெரியப்பாவிடமிருந்து சொத்தாக வந்தது, 1726-இல் விற்றுவிட்டார். நாற்காலியே விலைக்குப் போகும் ஊரில், உட்காருபவரின் நல்ல குணத்தை நம்பி என்ன ஏற்பாடு செய்வது? அவர் சிந்தனை அங்கேதான் தொடங்கியிருக்கும் என்பது என் ஊகம்.

நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரிக்கச் சொல்கிறது நம் அரசமைப்பின் 50-ஆவது பிரிவு. 1974 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் நடுவர்களை நீதித்துறை நடுவர், நிர்வாக நடுவர் என இரண்டு வகையாக்கியது; ஆனாலும் 107 நிர்வாகத்தின் பக்கமே தங்கிவிட்டது.

உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு போட்டேன். அதிகாரப் பிரிவினை என்று ஆரம்பித்ததுமே நீதிபதி விசாரணைக் குறிப்பைக் கேட்டார். அரசு வக்கீலிடம் அப்படி ஒன்று இல்லை. அதிலேயே உத்தரவு ரத்து; நான் தயாரித்துப் போன மாண்டெஸ்கியூ கட்டோடு திரும்பி வந்தார்.

2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு வேறொரு வழக்கில் அந்த அதிகாரப் பிரிவினைக் கேள்வியைத் தீர்த்துவைத்தது. பத்திரத்தை மீறியவரை நிர்வாக நடுவர் சிறைக்கு அனுப்பக் கூடாது, நீதித்துறை நடுவர்தான் விசாரிக்க வேண்டும் என்றது. போலீஸ் துணை ஆணையர்களுக்கே நிர்வாக நடுவர் அதிகாரம் தந்த அரசாணைகளையும் அதிகாரப் பிரிவினைக்கு விரோதம் என்று ரத்து செய்தது. தீர்ப்பைப் பற்றிப் போனில் சொன்னபோது கட்சிக்காரர் கேட்டது கடை இடத்தைப் பற்றித்தான். அது சிவில் கோர்ட்டில் இன்னும் வாய்தாவில் இருக்கிறது.