எட்டை எங்கே வைப்பது

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் ஏற்காட்டில் நாலு மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிடும். அந்த இருட்டில் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்திலிருந்து விளையாட வாருங்கள் என்று யாரையும் கூப்பிட முடியாது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆள் கூடி ஆடும் ஆட்டம். கதையை நடத்த ஒருவர் வேண்டும், கதைக்குள் நடமாட மூன்று நான்கு பேர் வேண்டும். ஆள் இல்லாமல் ஒருவர் மட்டும் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: கேரக்டர் உருவாக்குவது. மழை விடும்வரை அதைத்தான் செய்துகொண்டிருப்பேன். இந்த ஆட்டத்தில் ஈடுபாடுள்ள பலர் இப்படித்தான் என்பதும் எனக்குத் தெரியும். ஆடப்போகாத கேரக்டர்கள் கோப்பு கோப்பாகச் சேர்ந்திருக்கும்.

இது ஆட்டமே இல்லை, ஆட்டத்தைத் தள்ளிப்போடுகிற வேலை என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஒரு மனிதன் என்னவாகப் பிறந்தான், எங்கே வளர்ந்தான், எதில் தேர்ந்தான், எதில் தோற்பான் என்று உட்கார்ந்து யோசிப்பது லேசான காரியமல்ல. நாவல் எழுதுகிறவன் செய்வதும் இதைத்தான்.

தொடக்கத்தில் இவ்வளவு யோசிக்க இடமே இருந்ததில்லை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974இல் வெளிவந்த முதல் பதிப்பில், பலம், அறிவு, விவேகம் என்று ஆறு குணங்களுக்கும் மும்மூன்று பகடைகளை வரிசையாக உருட்ட வேண்டும். விழுந்தது விழுந்ததுதான். மூன்று பகடையில் 18 விழுவது 216இல் ஒரு வாய்ப்பு. போர்வீரன், மந்திரவாதி, மதகுரு என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு ஆடத் தொடங்கிவிடலாம். பிறகு விதிப்புத்தகங்கள் பெருத்தன. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு ஃபீட் என்று தனித் திறமைகளைப் பட்டியலிட்டது. அதன்பின் வந்த துணைநூல்கள் அந்தப் பட்டியலை நீட்டிக்கொண்டே போயின. முதல் நிலையில் இருக்கும் ஒருவன் இருபதாம் நிலையில் என்ன கற்றிருப்பான் என்பதுவரை இன்றே எழுதிவைக்கும் பழக்கம் அப்போதுதான் பரவலாக வேரூன்றியது. அதை ‘பில்ட்’ என்பார்கள். கணக்காக அது அழகானது, மணிக்கணக்கில் ரசிக்கலாம். ஆனால் அப்படி முழுதாகத் திட்டமிட்ட ஒருவனுக்குக் கதையில் நடக்க எதுவும் மிச்சமில்லை என்பது என் எண்ணம்.

இதற்கு நேர் எதிர்த்துருவம் மார்க் மில்லர் 1977இல் வெளியிட்ட டிராவலர் என்ற விண்வெளி ஆட்டம். அதில் உங்கள் ஆளுக்கு 18 வயதில் வாழ்க்கை தொடங்கும். கடற்படையோ ராணுவமோ வணிகக் கப்பலோ, ஏதாவது ஒன்றில் சேர முயல வேண்டும். நான்கு நான்கு வருடமாகப் பணி செய்ய வேண்டும். ஒவ்வொரு நான்கு வருடத்துக்கும் உயிர் பிழைத்தானா என்று பகடை உருட்ட வேண்டும். சரியாக விழாவிட்டால் ஆட்டம் தொடங்குமுன்பே ஆள் செத்துப்போவான். புதுத் தாளை எடுக்க வேண்டியதுதான். இதைக் கேட்டதும் பலர் சிரிக்கிறார்கள். எனக்கு அந்த விதிமேல் பெரிய மரியாதை. இன்னும் நாலு வருடம் இருந்தால் இன்னொரு தொழில் கற்கலாம், ஆனால் உயிர் தங்குமா என்று கையில் பகடையை வைத்துக்கொண்டு தயங்கும்போது, அந்தத் தாளில் இருப்பவன் எனக்கு வேண்டியவனாகிவிடுகிறான்.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் பகடையை நம்ப விரும்பாதவர்களுக்கு 27 புள்ளிகள் தருகிறார்கள். எல்லாக் குணமும் எட்டில் தொடங்கும். ஒன்றைப் பதினைந்துக்கு ஏற்ற ஒன்பது புள்ளி, பதினாலுக்கு ஏழு, பதின்மூன்றுக்கு ஐந்து. 15, 14, 13, 12, 10, 8 என்று பிரித்தால் 27 சரியாகத் தீர்ந்துவிடும். பதினைந்தை எங்கே வைப்பது என்பதில் யோசிக்க ஒன்றுமில்லை, தொழிலே அதைச் சொல்லிவிடும். மழைநாள் முழுக்க என்னைப் பிடித்து வைத்திருப்பது அந்த எட்டு. உடம்பு பலவீனமானவனா, நாலு பேர் முன்னால் பேச வராதவனா, எதையும் சட்டென்று நம்பி ஏமாறுபவனா? எட்டை எங்கே வைக்கிறோமோ அங்கேதான் ஆள் தெரிகிறான்.

கடைசியாக எழுதிய ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். ஐந்தாம் பதிப்பின் விதிப்புத்தகம் தரும் 13 பின்னணிகளில் கப்பலோட்டி உண்டு, பிரபு உண்டு, துறவி உண்டு, தோட்டக் கூலி இல்லை. ஆனால் இரண்டு திறன்களும், இரண்டு கருவிகளோ மொழிகளோ எடுத்துக்கொண்டு சொந்தமாக ஒரு பின்னணியைக் கட்டிக்கொள்ள விதியே இடம் தருகிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்த காலம்தொட்டு இந்த மலையின் பிழைப்பில் பாதி அந்தச் செடியைச் சுற்றித்தான். காபிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். மிளகு பறிக்க ஒற்றை மூங்கில் ஏணி. கணுவில் கால் விரல் ஊன்ற மட்டும் இடம் இருக்கும். இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் கொடியை வளைத்து, மறு கையால் சரம் சரமாக உருவிப் போடுவார்கள். அப்படி ஒருவனை ரேஞ்சராக, அதாவது காட்டில் உலவும் வில்லாளியாக, எழுதினேன். பெயர் வெள்ளையன். லாகவம் 15, விவேகம் 14, பலம் 8. வில் எய்ய லாகவம் போதும், ஆகவே பலத்தில் எட்டை வைப்பதில் நஷ்டமில்லை என்பதுதான் கணக்கு.

எங்கள் ஆட்டத்தை நடத்துவது ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அண்ணன் மகள். தாளை வாங்கிப் பார்த்ததும், “மூட்டை தூக்கி இறக்குவான்னு எழுதியிருக்கீங்க, அப்புறம் எப்படி சித்தப்பா பலம் எட்டு?” என்றாள்.

“ஏணியிலிருந்து விழுந்துட்டாம்மா. தோள்பட்டை சரியா கூடல.” கேட்ட பிறகுதான் எனக்கே அது தெரிந்தது.

“ஏணிய யாரு புடிச்சிருந்தா?”

“அவன் தம்பி.”

“தம்பி இப்ப எங்க?”

“கொல்லிமலைப் பக்கம் போயிட்டான். திரும்பி வரல.”

அவள் தன் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டாள். அந்தத் தம்பி எங்கள் கதையில் என்றாவது எதிரே வந்து நிற்கப்போகிறான் என்று அப்போதே புரிந்தது. ஃபீட் பட்டியல்களை எத்தனை முறை புரட்டியும் கிடைக்காத தம்பி மூன்று கேள்வியில் கிடைத்துவிட்டான்.

கேள்வியில் ஆள் பிறப்பது கூத்து பார்த்தவர்களுக்குப் புதிதல்ல. தெருக்கூத்தில் துரியோதனன் சடாரென்று மேடைக்கு வந்துவிடுவதில்லை. மாலையிலேயே அரிதாரம் பூச உட்கார்ந்து, கிரீடம், புஜக்கட்டை என்று ஒவ்வொன்றாகக் கட்டி முடிப்பார்கள். அத்தனைக்கும் பிறகு இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று தன்னைப் பற்றிப் பாடுவான். அப்புறம் கட்டியக்காரன் மறித்து விசாரிப்பான்: நீ யார், எந்த தேசம், எதற்காக வந்தாய்? அந்தப் பதிலில்தான் துரியோதனன் சபைக்கு வந்து சேர்கிறான். வேஷம் கட்டும் மணிநேரங்களை வீண் என்று கூத்துக்காரர் யாரும் சொல்லமாட்டார். கேட்க ஒரு கட்டியக்காரன் இல்லாமல் அந்த வேஷம் முழுமை பெறாது என்பதையும் அவர்கள் அறிவார்கள்.

வெள்ளையனின் தம்பியைக் கொல்லிமலைக்கு அனுப்பியது நானாக யோசித்ததில்லை. அது இந்த மலையின் பழங்கதையிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் புறப்பட்டார்கள், மூத்தவர் சேர்வராயன் மலைக்கும் நடுவில் உள்ளவர் பச்சைமலைக்கும் இளையவர் கொல்லிமலைக்கும் போனார்கள் என்பது மலையாளிப் பழங்குடிகளிடையே வழங்கும் கதைகளில் ஒன்று. தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுப்பிலும் இந்த மூன்று அண்ணன் தம்பி கதை பதிவாகியிருக்கிறது. எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்டால் ஒரு மக்கள் கூட்டம் சொல்லும் பதில் அது. அதில் ஒருவருக்கும் எண் இல்லை, யார் பலசாலி என்ற பேச்சும் இல்லை. யார் யாரோடு புறப்பட்டார், எங்கே பிரிந்தார் என்பது மட்டும் இருக்கிறது. இப்போதெல்லாம் தாளில் நான் முதலில் நிரப்புவது அந்த இரண்டையும்தான். புள்ளிக் கணக்கு அதற்குப் பிறகு.

கணக்கை விட்டுவிட்டேன் என்று அர்த்தமில்லை. வெள்ளையன் இப்போது நான்காம் நிலைக்கு வந்திருக்கிறான். அந்த நிலையில் ஏதாவது ஒரு குணத்தை இரண்டு புள்ளி ஏற்றலாம், அல்லது இரண்டு குணங்களை ஒவ்வொரு புள்ளி. லாகவத்தை ஏற்றினால் அம்பு இன்னும் குறி தவறாது, அதுதான் லாபம். அண்ணன் மகளோ, “ஒரு வைத்தியர்கிட்ட காட்டியிருப்பான்ல சித்தப்பா, தோள் கொஞ்சமாவது தேறியிருக்கும்ல” என்கிறாள். எட்டைப் பத்தாக்கிவிட்டால் தம்பியைப் பார்க்கும்போது அவனுக்குக் கோபம் வருமா என்று எனக்குச் சந்தேகம். இன்னும் முடிவாகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேலத்து நண்பர்களும் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தாளில் அந்த இடத்தை நிரப்பாமல் வைத்திருக்கிறோம்.